மூன்றாவது மெயில்

"அப்பா, அந்த செண்பகனூர்க்காரர் திரும்பவும் மெயில் போட்டிருக்காரு" என்றாள் ரோகிணி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி நிமிரவில்லை. "எத்தனாவது?"

"இது ரெண்டாவது."

"ம்."

செண்பகனூர் ஷபீருக்கு இது தொழில். இணையத்தில் கடை போடுவதற்கான பெயர்களை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டு, தேவைப்படுகிறவர்களுக்கு விற்பார். 'கவுஞ்சிப்பூண்டு டாட் காம்' அவர் கையில் இருந்தது. மலையூரான கவுஞ்சியில் பூண்டு என்றால் ஆண்டிச்சாமிதான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமா என்று கேட்டு இரண்டு மாதம் முன்பு முதல் மெயில் வந்தது. ஆண்டிச்சாமி பதிலே போடச் சொல்லவில்லை.

"விலை கூடுதலாத் தெரியுதாப்பா?"

"விலையில என்ன இருக்கு? ஒருக்கா கேட்டதும் ஓடிப்போய் நிக்கிறதுக்கு நாம என்ன வக்கத்த குடும்பமா தாயி?"

அது அந்த வீட்டு வழக்கம். எந்த விசேஷமானாலும் மூன்று தடவை அழைத்தால்தான் போவார். மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு இரண்டு தடவைதான் அழைத்தார்கள் என்று, கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரை வந்தும் வாசற்படி தாண்டாத மனிதர். வீறாப்பில் அவரை அடித்துக்கொள்ள அந்த மலையில் ஆள் கிடையாது.

"இது காதுகுத்து இல்லீங்க, யாவாரம்" என்றாள் அவர் மனைவி வீரம்மாள். "வெளியூர்க்காரன் எவனாச்சும் அந்தப் பேரை வாங்கிட்டான்னா, எங்கேயோ வெளைஞ்ச பூண்டெல்லாம் கவுஞ்சிப் பூண்டுன்னு விப்பான். அப்ப ஒங்க வீறாப்பைத்தான் கொழம்பு வெச்சுத் திங்கணும்."

அந்தப் பயம் ஆண்டிச்சாமிக்கும் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன எழுதியிருக்கு, படி."

மெயில்கள் இங்கிலீஷில் வரும். ரோகிணிதான் படித்துத் தமிழில் சொல்வாள்.

"'மதிப்பிற்குரிய ஆண்டிச்சாமி அய்யாவுக்கு, போன மெயிலைப் பார்த்தீர்களோ என்னவோ. வேலை மும்முரத்தில் இருப்பீர்கள். அறுவடை முடிந்து நிதானமாகச் சொன்னால் போதும். அந்தப் பெயர் உங்களிடம் இருப்பதுதான் பொருத்தம்.'"

"நல்ல வளர்ப்பு" என்றார் ஆண்டிச்சாமி. அதற்கும் பதில் போடச் சொல்லவில்லை.

பத்து நாள் ஓடியது. மூன்றாவது மெயில் வரவில்லை. முதல் வாரம் கம்பீரமாக இருந்தவருக்கு அடுத்த வாரம் சோறு இறங்கவில்லை. மெயில் வந்ததா என்று வாய்விட்டுக் கேட்க மனசு இடம் கொடுக்கவில்லை. வெள்ளனே எழுந்து வந்து, "டவர் கெடைக்குதா தாயி?" என்பார். "மழைக்கு ஏதும் கெட்டுக்கிட்டுக் கெடக்கோ?" என்பார். டவர் நன்றாகத்தான் இருந்தது.

"வேணும்னா நாமளே ஒரு மெயில் போட்டுக் கேப்பமாப்பா?"

"சோலியைப் பாரு" என்று எழுந்து போனார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ரோகிணி கூப்பிட்டாள். "அப்பா, மூணாவது வந்திருச்சு."

மண்வெட்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "படி, வெரசாப் படி."

"'அய்யா, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டு, பல் சுருங்காமல் விதைப்பூண்டைக் காப்பாற்றுகிற வீடு உங்களுடையது. போன வருஷம் உறைபனியில் ஊரெல்லாம் கருகியபோது, அந்த விதையை விலைக்கு விற்காமல் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தீர்கள். இந்தப் பெயரை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.'"

ஆண்டிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செண்பகனூர்ல இருக்கிற ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"விசாரிச்சிருப்பாருப்பா. வாங்கிக்கிறோம்னு பதில் போட்டுரட்டுமா?"

"போடு. இல்ல, இரு. மூணு தடவை கேட்ட மனுசனுக்கு மெயில்ல பதில் சொன்னா மரியாதையா இருக்காது. போனைப் போடு, நானே பேசுறேன்."

"வேணாம்ப்பா. அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும். மெயிலே போதும்."

"மொத மெயில்ல இருந்த நம்பரைத்தான் நான் அன்னைக்கே காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேனே" என்று வீரம்மாள் எடுத்துக் கொடுத்தாள். இந்தச் சம்மதத்துக்காக அவள் முருகனுக்கு நேர்ந்துகொள்ளாத குறைதான்.

ஆண்டிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "தம்பி, கவுஞ்சி ஆண்டிச்சாமி பேசுறேன். மூணு தடவை மரியாதையாக் கேட்டுட்டீங்க. அந்தப் பேரை நாங்களே எடுத்துக்கிறோம்."

மறுமுனையில் ஷபீர் குழம்பிப்போனார்.

"மூணு தடவையா? நான் ஒரே ஒரு மெயில்தாங்கய்யா போட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒங்க மக பணத்தைக் கட்டி, ஒங்க பேருக்கு மாத்தி வாங்கிட்டாங்களே. ரெண்டு மாசமாச்சுங்க."

ஆண்டிச்சாமி மகளைப் பார்த்தார். அவள் லேப்டாப்பை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, என்னவாம்? அந்த ஆளு குடுக்குறாராமா இல்லையா?" என்று பதறினாள் வீரம்மாள்.

"அதெல்லாம் குடுத்தாச்சு" என்றார் ஆண்டிச்சாமி, பெருமை தாங்காமல். "மெயில் எழுதினது பெரிய வீட்டுப் புள்ள, வீரம்மா. நம்ம வழக்கம் தெரிஞ்சு, மூணு தடவை கேட்டிருக்கு."