கணக்குக் கட்டம்

"மேல ஒரு பெரிய வார்த்தையை எழுதிட்டா பாடம் ஆயிடுமாங்க? கீழ கணக்குக்குன்னு ஒரு கருத்து வேணாமா?" என்றாள் மனைவி, ஈரத் தலையைத் துவட்டியபடியே.

அறிவியல் ஆசிரியரான கணவர், தங்கள் இருவர் துணிக்கும் சேர்த்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவளும் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை. அடுத்த பருவத்தில் ஏழாம் வகுப்புப் பாடங்கள் எல்லாமே ஒரே பெருங்கருத்தின் கீழ் நடக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கூடிப் பேசி, 'மாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த ஒரே சொல்லின் குடைக்குள் ஒவ்வொரு பாடமும் தனக்கென்று ஒரு கருத்தோடு வந்து நிற்க வேண்டும்.

"வேணும்தான். நீ என்ன எழுதியிருக்கே?"

"எழுதி மேசை மேல வச்சிருக்கேன். சாயங்காலம் பார்த்து, அழகா எழுதிக் குடுங்க."

அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பலர் பார்வைக்குப் போகிற எதையும் அட்டையில் திருத்தமாக எழுதித் தருவது பல வருடங்களாக இவர் வேலை.

அன்று மதிய இடைவேளையில் பள்ளி மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியதும் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். ஏழாம் வகுப்புக் கணக்கை இனி யார் எடுப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள், உங்கள் வார்த்தைதான் முடிவு என்றார். மரியாதைக்காகச் சொன்னதுதான். ஆனால் அது இவர் தலையில் பாறையாக இறங்கியது. அவள் தன் பிள்ளைகளைப்போல வளர்த்த வகுப்பு அது.

கணக்குக்கு மீதி இருந்தது இரண்டு பேர். ஒருவரை எல்லாரும் 'சர்க்கரை' என்பார்கள். யார் மனமும் நோகப் பேசத் தெரியாதவர். இன்னொருத்தி 'குத்தூசி'. மனைவி தயாரித்த ஒரு வினாத்தாளில் இருந்த பிழையைப் பத்துப் பேர் முன்னால் இவள் சொல்லிவிட்டதிலிருந்து மனைவி கடைசிவரை இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குத்த வேண்டும் என்பதற்காகவே குத்துகிறாள் என்று வீட்டில் பொருமுவாள். உண்மையிலேயே அப்படித்தானா, இல்லை விஷயம் தெரிந்துதான் குத்துகிறாளா? அது மட்டும் இவருக்குப் பிடிபடவில்லை.

திட்டக் கூட்டம் ஆசிரியர் அறையில் நடந்தது. சுவரில் 'மாற்றம்' என்ற தலைப்பின் கீழ் பாடத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தது; ஒவ்வொருவரும் தங்கள் அட்டையை அதில் ஒட்டினார்கள். வரலாற்றுக்காரர் ஆட்சிகள் கவிழும் விதத்தை எழுதியிருந்தார். விளையாட்டு ஆசிரியர் 'ஆள் மாற்றம்' என்று எழுதிவிட்டு, தன் பாடத்துக்கு இதற்குமேல் குடை பிடிக்க முடியாது என்றார். சிரிப்பு வந்தது. அறிவியல் அட்டையில், திரும்பி வராத மாற்றங்கள் என்று இருந்தது. அதைப் படித்தவர்கள் யாரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக இவர் இன்னொரு அட்டையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார்.

"கணக்குக் கட்டத்துக்கு. வீட்லேர்ந்து கொண்டுவந்தேன்."

சாய்ந்த இணைகரம் ஒன்றை வரைந்து, அதன் கீழே 'வடிவம் மாறினால் பரப்பும் மாறும்' என்று எழுதியிருந்தது. மொழி ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதில் யாரும் கை வைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் தலைமை ஆசிரியர். சர்க்கரை எழுந்து நின்று, ஒரு சொல்கூட மாற்றாமல் இதையே நடத்துகிறேன் என்று தழுதழுத்தார்.

"இது தப்பு," என்றாள் குத்தூசி.

அவள் பாட்டுக்கு ஒரு தாளை இணைகரமாகக் கத்தரித்தாள்.

"இந்த ஓரத்து முக்கோணத்தை வெட்டி அந்த ஓரத்தில வைங்க. செவ்வகம் வந்துடுச்சா? வடிவம் மாறிடுச்சு. பரப்பு எங்க மாறிச்சு? குடை பெரிசா இருக்கேன்னு கணக்கை ஒடிச்சு உள்ள திணிக்கக் கூடாது."

"போனவங்க எழுத்தில போயா குத்தம் பார்க்கறது?" என்றார் சர்க்கரை.

"போனவங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. பிள்ளைங்கதான் இதை நம்பிப் படிக்கப்போகுது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கும் அவங்களுக்கும் ஆகாதுதான். ஆனா கணக்கு தெரிஞ்சவங்க. ஏதோ கை தவறி எழுதியிருக்காங்க."

அறிவியல் ஆசிரியர் எழுந்து அட்டையைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வெளியே போனார். எல்லாரும் குத்தூசியைக் கண்ணாலேயே எரித்தார்கள்.

தலைமை ஆசிரியர் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"மனசில வச்சுக்காதீங்க சார். நான் கண்டிச்சு வைக்கறேன். வகுப்பை சர்க்கரைக்கே குடுத்துடலாம்."

"குத்தூசிக்குக் குடுங்க சார்."

"என்ன சார் இது, உங்க வீட்டம்மா எழுதினதையே தப்புன்னு சொன்னவங்களுக்கா?"

"அவ எழுதினது இது இல்ல சார். அது இன்னும் மேசை மேலதான் இருக்கு. இது நேத்து நானா தப்பா எழுதினது, யாராவது ஒருத்தர் தடுக்கறாங்களான்னு பார்க்கறதுக்கு." அவர் அட்டையை இரண்டாக மடித்தார். "அவ எழுதி வச்சதும் குத்தூசி சொன்னதேதான். வெட்டி இடம் மாத்தி வச்சாலும் பரப்பு மாறாது."