மானுக்குத் தெரியாத நிறம்

பக்கெட்டில் காவிச் சாயத்தைக் கரைத்து, புருஷனின் வேட்டியையும் சட்டையையும் முக்கிக்கொண்டிருந்தாள் அலர்மேல்மங்கை.

"இன்னா அலமேலு, துணிக்குச் சாயம் போடற?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு இந்திராணி.

"அவரு மான் வேட்டைக்குப் போறாருக்கா. அதுக்குத்தான்."

இந்திராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புரட்டாசி மாசத்துல அவன் மானைக் கொல்லப் போறான், நீ துணி வேற முக்கித் தர்றியா? ஃபாரஸ்ட்காரன் புடிச்சா ஜெயிலுடி. நல்ல பொண்டாட்டி வந்து வாச்ச அவனுக்கு."

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பெண்டாட்டிதான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன் அவன். கூட்டாளி சுரேஷ்பாபுவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. இரண்டு தரம் காட்டுக்குப் போனார்கள். இரண்டு தரமும் மான்கள் இவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிப்போயின.

தறி ஷெட்டில் கேலி தாங்கவில்லை. "போன வருசம் தறியில ஓடற நாடா எகிறி உன் கண்ணுல அடிச்சுதே, அதுலேர்ந்து உனக்கு மானும் தெரியல, மாடும் தெரியல" என்றார்கள். கண் எப்போதோ சரியாகிவிட்டது. மானம்தான் போய்க்கொண்டிருந்தது.

பழியைத் தூக்கித் துணி மேல் போட்டவள் அலமேலுதான்.

"உன் கண்ணு நல்லாத்தான் கீது மாமா. நீ நீலச் சட்டை போட்டுக்கினு போனா மானு ஓடாம இன்னா செய்யும்? அதுக்கு நீலம் பளிச்னு தெரியுமாம். காவி, செவப்பெல்லாம் தெரியாதாம். செடி கொடியோட சேர்ந்துடுமாம். போன்ல போட்டுக்கீறான். ஃபாரின்ல வேட்டைக்குப் போறவங்க காவிக் கலர் கோட்டுதான் போடறாங்க."

"ரெண்டாவது தரம் மிலிட்டரி டிரஸ் போட்டுக்கினு போனனே?"

"அத்த சோப்புத்தூளு போட்டுத் தொவைச்சிட்ட. அந்தப் பளபளப்பும் மானுக்குத் தெரியுமாம்."

அவனும் போனில் தேடிப் பார்த்தான். எல்லாம் உண்மை. எதற்கெடுத்தாலும் குறுக்கே விழுகிறவள் இதற்கு மட்டும் இத்தனை ஒத்தாசை செய்கிறாளே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. காவிச் சட்டை காய்ந்து வந்ததும் அதை மறந்துவிட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினான். வண்டியில் வந்தால் செக்போஸ்ட்டில் நம்பரை எழுதிக்கொள்வார்கள், நடந்தே வா என்று சுரேஷ்பாபு சொல்லியிருந்தான். ஆறு கிலோமீட்டர்தான். புளியமரத்துத் திருப்பத்தில் துப்பாக்கியோடு அவன் காத்திருப்பான்.

மெயின் ரோட்டில் கால் வைத்ததும் ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கோவிந்தா."

மாசிலாமணி பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

டீக்கடைக்காரர் கிளாஸோடு ஓடி வந்தார். "குடிச்சுட்டு நடங்க சாமி." வேண்டாமென்று சொல்லத் தோன்றவில்லை, குடித்தான். அதற்குள் திருவள்ளூர்ப் பக்கமிருந்து நாற்பது பேர் மஞ்சளும் காவியுமாக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"தனியா நடக்கறீங்களே சாமி, வாங்க" என்று அவனை நடுவில் இழுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளசி மாலையும் போட்டார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. புரட்டாசி மாசம், சனிக்கிழமைக்கு இரண்டே நாள், திருப்பதி ரோடு, காவி வேட்டி. மானுக்குத் தெரியாத நிறம்தான். மனுஷனுக்கு நன்றாகவே தெரிந்தது.

நைசாகப் பின்தங்கப் பார்த்தான். அங்கே ஒரு மோர்ப்பந்தல். அதிலிருந்த அம்மாள் நேராக அவனிடம் வந்தாள். அவன் உள்ளங்கையில், கண்ணுக்காக வேண்டிக்கொண்டவர்கள் காணிக்கை போடும் வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடியை வைத்து விரல்களை மூடினாள்.

"ஒருத்தருக்குக் கண்ணே போறதா இருந்துச்சு சாமி. பெருமாள் காப்பாத்திக் குடுத்தாரு. உன் கையால உண்டியில போட்டுடு."

நான் வேட்டைக்குப் போய்க்கினு கீறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டான்.

புளியமரத்துத் திருப்பம் வந்தது. மரத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சுரேஷ்பாபு போன் போட்டான். "எக்கட போதுன்னாவு பாவா?" எங்கே போகிறாய் என்று தெலுங்கில் கேட்டான்.

"திருப்பதிக்கு" என்றான் மாசிலாமணி, மெதுவாக.

கூட்டம் முழுக்கக் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தது. சுரேஷ்பாபு துப்பாக்கியைப் புதரில் தள்ளிவிட்டு, பயத்தில் அவனும் கையைக் கூப்பினான்.

சனிக்கிழமை சாயந்தரம். காலெல்லாம் கொப்புளம், கையில் லட்டு. மலையிலிருந்து இறங்கி வந்து பெண்டாட்டிக்குப் போன் செய்தான்.

"அலமேலு, நான் திருப்பதியில கீறேன்."

அவள் ஆச்சரியப்படவே இல்லை. "கால் ரொம்ப வலிக்குதா மாமா?"

"வலிக்குது. ஒரு மானைக்கூடப் பாக்கலடி."

"நான்தான் சொன்னேனே, அதுங்க கண்ணுல நீ பட மாட்டன்னு."

அவன் சிரித்துவிட்டான். இரண்டு நாளாக மனசு லேசாகத்தான் இருந்தது.

"அது கெடக்கட்டும். மோர்ப்பந்தல்ல கன்னிகாக்கா குடுத்த கண்மலரை உண்டியில போட்டியா?"

மாசிலாமணியின் சிரிப்பு நின்றது. கண்மலரைப் பற்றி அவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

"போன வருசம் உன் கண்ணுக்காக நான் வேண்டிக்கினது மாமா. நடந்து போய்ப் போட்டுட்டு வான்னா நீ போயிருப்பியா?"