ஆமை மேல் விழுந்த பழி

"அங்கேயே நில்லுங்க தம்பி! கிட்ட வராதீங்க!"

வாசல் கேட்டுக்கு வெளியே நின்று அண்ணி போட்ட சத்தத்தில், தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவன் துண்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். வேலையிலிருந்து வந்து இப்போதுதான் இரண்டாவது தடவையாகக் குளித்திருந்தான். மிருகக்காட்சிசாலையில் பாம்பு, ஆமை, உடும்பு என்று ஊர்கிறதையெல்லாம் பராமரிப்பது அவன் வேலை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து இந்த அதட்டல் அவனுக்கு வேளை தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.

அண்ணி, அவன் மனைவியின் அக்கா. ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் நோய்க்கிருமிகளை வளர்த்து, இது இன்ன கிருமி என்று கண்டுபிடித்துச் சொல்கிற உத்தியோகம். பிள்ளை இல்லாதவள். தங்கைக்குக் குழந்தை பிறந்த அன்றைக்கு, பால் கொடுக்கிற வேலையை மட்டும் பெற்றவளுக்கு விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தானே எடுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தை காய்ச்சலில் துவண்டு கிடக்க, ரத்தத்தில் சால்மோனெல்லா கிருமி என்று டாக்டர் சொன்னதும், அவள் விரல் நேராக இவன் பக்கம்தான் நீண்டது.

"ஆமை கழுவுற கை! அதுங்க வயித்துல இந்தக் கிருமி குடியிருக்கும்னு தெரியாதா? ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க! பிள்ளை வேணுமா, பாம்பு வேணுமா? முடிவு பண்ணிக்குங்க, பாம்புக்காரரே!"

அன்றிலிருந்து அவனுக்கு முன்னறைதான் இடம். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. குழந்தை அவனைப் பார்த்துக் கையை நீட்டும்போதெல்லாம் அவனுக்குப் பாதி உயிர் போய்விடும். பெற்றவன் கையே பிள்ளைக்கு எமனாகிவிட்டதே என்று உள்ளுக்குள் அழுவான்.

"அண்ணி, நானே முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு வேலையை விட்டுடறேன். வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கிற வேலை குடுத்தாலும் போதும். பாப்பாவைத் தூக்கணும், அவ்வளவுதான்."

"அவசரக்குடுக்கை! யாரு உங்களை வேலையை விடச் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க!"

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மனைவி சிரித்துவிட்டாள். "உள்ள வாக்கா. தெருவுல நின்னு என்ன பஞ்சாயத்து?"

"இங்கேயே நின்னுக்கறேன். சொல்ல வந்ததைச் சொல்லிட்டுக் கிளம்பறேன்."

தான் இருக்கிற வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமையோட எச்சம், உடும்போட எச்சம்னு டப்பா டப்பாவாக் கொண்டுவந்து குடுத்தீங்களே, எல்லாத்தையும் வளர்த்துப் பார்த்துட்டேன். கிருமி இருக்கு."

அவன் குழந்தையிடமிருந்து இரண்டடி தள்ளிப் போனான்.

"முழுசாக் கேளுங்க. அன்னிக்கு டாக்டர் சொன்னது குடும்பப் பேரு. அந்தக் குடும்பத்துல எத்தனையோ வகை. ஆள் யாருன்னு பிரிச்சுப் பார்க்க இத்தனை நாளாச்சு. உங்க ஆமையோட கிருமிக்கும் பாப்பா ரத்தத்துல இருந்த கிருமிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆமையோடது மனுஷங்ககிட்ட வந்தா பெரும்பாலும் வயித்தைக் கலக்கிட்டுப் போயிடும். பாப்பாவைப் படுக்கவச்சது குடலைத் தாண்டி ரத்தத்துல ஏறுற முரட்டுப் பய. டைபாய்டு. அது மனுஷனை விட்டா வேற எந்த ஜீவன்கிட்டயும் குடித்தனம் பண்ணாது."

"அப்போ என் கை?"

"உங்களையும் சோதிச்சாச்சு, தங்கச்சியையும் சோதிச்சாச்சு. சுத்தம். சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்க தம்பி."

"அப்போ யார்கிட்டேருந்துக்கா வந்தது?" என்றாள் தங்கை.

"உலகத்துல மனுஷனுக்கா பஞ்சம்?"

அவன் எதையும் காதில் வாங்கவில்லை. குழாயடிக்கு ஓடி, முழங்கை வரை நுரை போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். குழந்தை கைக்கு வந்ததும் அவன் மூக்கைத்தான் முதலில் பிடித்து இழுத்தது. அவன் சத்தம் போட்டே அழுதான்.

"உங்க ஆமைங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க" என்றாள் அண்ணி.

சந்தோஷத்தில் அவனுக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. குழந்தையோடு கேட்டை நோக்கி நடந்தான். "பழசை விடுங்க அண்ணி. இங்க பாருங்க, பெரியம்மாகிட்ட வரணுமாம்."

குழந்தை இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அண்ணி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நடுத்தெரு வரைக்கும் பின்வாங்கினாள்.

"வேண்டாம் தம்பி. ஸ்பூன்ல குடுத்தா ஈறு நோகும்னு வாழைப்பழத்தை என் விரலாலயே மசிச்சு ஊட்டினேனே..." அவள் கைகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "பாப்பாவைச் சாகக் கிடத்தின அதே கிருமிதான், எனக்கு ஒரு தலைவலிகூடக் குடுக்காம என் வயித்துல சாதுவாப் படுத்திருக்கு."

அவன் கேட்டைத் தாண்டாமல் நின்றுகொண்டான். பிறகு அவளுக்கு முகம் நன்றாகத் தெரியும்படி குழந்தையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். "மருந்து முடியற வரைக்கும்தானே அண்ணி? தூர நின்னு பிள்ளையைச் சிரிக்க வைக்கிற வித்தையெல்லாம் எனக்கு இப்போ அத்துப்படி. தினமும் சாயங்காலம் வாங்க, ஒவ்வொண்ணாச் சொல்லித் தரேன்."