ஐயா சாப்பிடாத வீடு

பக்கத்து வீட்டுப் புஷ்பா, ஐயாவின் தட்டில் நான்காவது கோழித்துண்டைப் போடுவது சுவர் வழியாகவே எனக்குக் கேட்டது.

போடும்போதே எண்ணிச் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் ஐயாவும் அம்மாவும் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு வீடாக வருவார்கள். எழுபதை நெருங்கும் டென்மார்க் தம்பதி. இரண்டு வருடமாக எங்கள் சபையில் ஊழியம் செய்கிறார்கள். எந்த வீட்டில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதுதான் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் குழாயடிப் பேச்சு. போன வருடம் என் வீட்டில் ஆளுக்கு ஒரு முறுக்கு. அதைச் சொல்லிச் சொல்லியே புஷ்பா என் உயிரை வாங்கிவிட்டாள்.

இந்த முறை விடக்கூடாது என்று விடியற்காலையிலேயே எழுந்துவிட்டேன். ஆப்பம், நாட்டுக்கோழிக் குழம்பு, அதிரசம். பீரோவிலிருந்து பீங்கான் தட்டுகள்கூட இறங்கின.

அம்மாவோடு ஐயா உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவ்வளவுதான். ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். சனிக்கிழமைகளில் என் கணவர் எட்மண்டோடு கேரம் ஆடித் தோற்றுப்போகும் அதே பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார். எட்மண்ட் ஃபேனைப் போடுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அங்கே நான்கு துண்டு, இங்கே குறட்டையா? புஷ்பாவின் பிரியாணியில் எண்ணெயைத் தவிர அப்படி என்னதான் இருக்கிறது?

அம்மாவிடம் கேட்டே விட்டேன், என் கைப்பக்குவம் அவ்வளவு மட்டமா என்று. கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அம்மா வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு மடியிலிருந்த கைப்பையைத் திறந்து காட்டினார்.

உள்ளே, செய்தித்தாளில் பொதிந்து நான்கு கோழித்துண்டுகள். ஒன்றில்கூடப் பல் படவில்லை. பக்கத்தில் யார் வீட்டு அவித்த முட்டையோ. எட்டாம் நம்பர் வீட்டு ரவா கேசரி அம்மாவின் கண்ணாடிக் கூட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஐந்து வீடுகளிலும் வேண்டாம் என்று சொல்ல அவர் அஞ்சினார். இந்த வீட்டில் மட்டும் அஞ்சவில்லை” என்றார் அம்மா, பைபிளைப் படித்தே கற்றுக்கொண்ட தமிழில்.

அதற்குள் வாசலில் புஷ்பா. பச்சடிக்குத் தயிர் வேண்டுமாம், கையில் கிண்ணம். கண் மட்டும் நேராக மேசைக்குப் போனது. தட்டுகள் கழுவி வைத்தபடியே இருந்தன. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஐயா ஒரு வாய்கூடத் தொடவில்லையா, எங்கள் வீட்டில் நான்கு துண்டு ஆயிற்றே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

கைப்பை இன்னும் திறந்தே இருந்தது. ஒரு வார்த்தை போதும், அவள் வாய் ஒரு வருடத்துக்கு அடங்கிவிடும். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கைப்பையை மறைத்துக்கொண்டு போய் நின்றேன்.

“மெள்ள பேசு புஷ்பா. ஐயா தூங்கினுகீறாரு.”

அவள் அப்போதுதான் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். எல்லார் வீட்டிலும் ஷூவும் டையுமாக முதுகு வளையாமல் உட்காருகிற மனிதர், இங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். அவருடைய வெறுங்காலையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு தயிரை வாங்காமலே போய்விட்டாள்.