இரண்டாவது கரண்டி

வீட்டில் காய்ச்சிய பியரைப் போத்தலில் அடைக்கும்போது, நுரைக்கவென்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி பனங்கட்டிப் பாகு விடுவார் அருளப்பர்.

"ஒரு கரண்டி காணாதப்பா" என்பாள் மனைவி றெஜினா.

"நீ சும்மா இரு. கூடினா வெடிச்சுப்போடும்."

ஆனாலும் ஒவ்வொரு முறையும் நிலவறையில் ஒரு போத்தலாவது வெடிக்கும். அங்கே ஓடும் ஹீட்டரைத் திட்டிக்கொண்டே அவர் துடைக்க, "ஓமோம், அந்தச் சூடுதான்" என்று அவளும் சேர்ந்து திட்டுவாள்.

அவள் இறந்தபின் காய்ச்சியதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஹீட்டர் அதே சூட்டில்தான் ஓடியது. ஊற்றிப் பார்த்தார்; நுரை எழும்பவேயில்லை.

"அடி கள்ளி" என்றார்.

அடுத்த முறை ஒரு கரண்டி விட்டார். திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் விட்டார். அன்றிலிருந்து மாலையானால், துடைக்கும் துணியை மடியில் வைத்துக்கொண்டு, நிலவறைப் படியில் காதைத் தீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார்.