கேட்காமல் ஒத்துக்கொண்டவர்

மாநாட்டில் மூன்று நாள் முழங்கிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அலுவலகம் வந்திருந்தார் இன்ஷூரன்ஸ் மேலாளர். எதிரே, அங்கே தன் கடைக்கு பாலிசி எடுத்திருந்த தச்சர், நீளமான காகிதப் பொட்டலத்தோடு நின்றார்.

“நான் செஞ்ச நாற்காலி உடைஞ்சு ஒரு பெரியவர் விழுந்துட்டார் சார். தப்பு என்னுதுன்னு சொல்லி, ஆஸ்பத்திரி செலவையும் கட்டிட்டேன்.”

“கெட்டுது போங்க! எங்களைக் கேக்காம தப்பை ஒத்துக்கிட்டு, நீங்களா பணத்தையும் குடுத்தா, கம்பெனி சல்லிக்காசு தராது. பாலிசியிலயே போட்டிருக்கு. வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?”

“வலியில துடிக்கிறவர் முன்னாடி எப்படி சார்?”

“அதுக்கு? உடைஞ்ச நாற்காலிக் காலைப் பொட்டலம் கட்டித் தூக்கிட்டு வந்தா மட்டும் ஆச்சா?”

“இது கைத்தடி சார். அவர் உயரத்துக்கு அளந்து செஞ்சேன். பணத்துக்கு வரல. போன்ல சொன்னா மகன் பதறுவான், நேர்ல சொல்லிட்டு இதை அவன்கிட்டயே குடுத்தனுப்புங்கன்னார் உங்கப்பா.”

மேலாளர் எழுந்தேவிட்டார். “அப்பா… எப்படி இருக்கார்?”

“நல்லா இருக்கார். ‘அவன் விதிமுறை பேசுவான், நீங்க காதுல வாங்கிக்காதீங்க’ன்னும் சொன்னார்.”

மேலாளர் தம் நாற்காலியைத் தச்சர் பக்கம் தள்ளினார். “நீங்க உக்காருங்க.”

தச்சர் அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.