சீர் ரேடியோ

முசிறியில் கட்டிக்கொடுத்த மகள் பாக்கியமேரி மறுபடியும் ரேடியோவைச் சுமந்துகொண்டு திருச்சிக்கு வந்து நின்றதும், இருதயநாதனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"போன மாசம்தானே ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன்?"

"நான் என்னப்பா பண்றது? 'உங்க வீட்டுச் சீர்தானே, உங்கப்பாவே சரி பண்ணித் தரட்டும்'னு மாமியார் அனுப்பிட்டாங்க."

"கிறிஸ்துமஸுக்குக்கூட உன்னை அனுப்பாதவங்க, இதுக்குன்னா மட்டும் உடனே பஸ் ஏத்தி விட்டுடறாங்க."

முணுமுணுத்தபடியே பாலக்கரை ரேடியோ கடைக்குத் தூக்கிப் போனார். மெக்கானிக் பிச்சமுத்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"இன்னும் இருபது வருஷம் உழைக்கிற ரேடியோ சார் இது. ஸ்பீக்கர் ஒயர்தான் போன தடவை மாதிரியே அறுந்திருக்கு. அப்ப எலின்னு நினைச்சேன். எலி இவ்வளவு நேரா கடிக்காதுங்க. யாரோ பிளேடால அறுத்திருக்காங்க. இந்தத் தடவை யாரும் கழட்ட முடியாதபடி மூடியை முடுக்கிடறேன்."

வந்ததும் வராததுமாக அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்ட மகள், இருதயநாதனின் நினைவில் வந்தாள்.

"வேணாம் பிச்சமுத்து. மூடி லேசாவே இருக்கட்டும். அப்புறம்... அவசரமில்லை, ஒரு வாரம் உங்க கடையிலேயே கிடக்கட்டும்."